சேனல் செத்தா ட்யூப்பை மாத்துன்னு யாருங்க சொல்லிக் கொடுத்தது?

ட்யூப் (கண்ணாடி வால்வு) வச்ச ரெண்டு சேனல் பவர் ஆம்ப்ல ஒரு பக்கம் சத்தம் நின்னு போச்சுன்னா, பாம்பன்ல கேட்டாலும் கீழக்கரையில கேட்டாலும் ஒரே பதில்தான்: "ட்யூப் போச்சு தம்பி, நாலையும் மாத்திடு." மூடியைக் கழட்டல, மீட்டரைத் தொடல, அதுக்குள்ள தீர்ப்பு. கிடார் வாசிக்கிற பையன் திருவிழா சீசன்ல சம்பாதிச்சது மொத்தமும் இஎல்34-ங்கிற பவர் ட்யூப் வாங்கப் போயிடுது. புதுசை மாட்டின கொஞ்ச நேரத்துல ட்யூபுக்குள்ள இருக்கிற பிளேட்ங்கிற தகடு செக்கச்செவேல்னு பழுத்து ஃபியூஸ் மறுபடியும் அடிக்குது. உடனே "டூப்ளிகேட் ட்யூப் வாங்கிட்டு வந்துட்ட"ன்னு பழியும் அவன் மேலயே. வயிறு எரியுதுங்க.

பழுத்ததுக்குக் காரணம் ட்யூப் இல்ல. அந்தச் சேனலுக்கு நெகட்டிவ் பயாஸ், அதாவது ட்யூப்ல ஓடுற கரண்டைக் கட்டுக்குள்ள வைக்கிற மைனஸ் வோல்ட்டேஜ், போகல. அதைத் திருகி அட்ஜஸ்ட் பண்ற பயாஸ் பிரிசெட்டுக்குள்ள பச்சை பூத்து, நடுக்கால் தடத்துல ஒட்டாம நிக்குது. பயாஸ் இல்லாத இஎல்34-ல கரண்ட் கட்டுக்கடங்காம ஓடும். அதோட பிளேட் தாங்குறது 25 வாட்தான். எத்தனை ஜோடி மாத்தினாலும் அத்தனையும் கருகும்.

இந்தக் கரையில ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. கச்சான் அடிச்சாலும் வாடை அடிச்சாலும் உப்பு வீட்டுக்குள்ளதான் வருது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரையும், கரைஞ்சது கரண்ட் கடத்தும். இஎல்34 சாக்கெட்ல ஒவ்வொரு காலுக்கும் (பின்) நம்பர் உண்டு. பின் 2 ஹீட்டர் (ட்யூபைச் சூடாக்குற இழை), அதை ஒட்டி இருக்கிற பின் 3-ல 450 வோல்ட் பிளேட். ரெண்டுக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க: பேக்லைட்ல தலைமுடி கணக்கா ஒரு கருப்புக் கோடு தெரியும். பொறி பாய்ஞ்ச தடம் அது. துடைச்சா போகாது. சாக்கெட்டையே எடுத்துட்டு செராமிக் போடணும்.

பக்கத்துலயே நல்லா வேலை செய்யுற இன்னொரு சேனல் இருக்கு. எந்தப் பின்ல எவ்வளவு வரணும்னு அதுவே சொல்லும். அதை அளந்துகூடப் பார்க்காம செத்துப்போச்சுன்னு சொல்றதைத்தான் தாங்க முடியல.

முதல்ல பவரை நிறுத்திட்டு ஸ்பீக்கர் கேபிளையும் இன்புட் கேபிளையும் இடம் வலமா மாத்துங்க. பாதி "செத்த சேனல்" துருப்பிடிச்ச ஜாக்தான். ஸ்பீக்கர் இல்லாம மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிடும். அடுத்து ஹீட்டர் எரியுதா பாருங்க. இஎல்34 ஒண்ணுக்கு 6.3 வோல்ட்ல 1.5 ஆம்பியர் வேணும். சாக்கெட் கிளிப் தளர்ந்திருந்தா அந்த இடமே சூடாகிக் கருகிடும். சாயங்காலம் லைன் வோல்ட்டேஜ் இறங்குற ஊர்ல இந்த ஹீட்டர் வோல்ட்டேஜையும் அளக்கணும், 5.7 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது.

பவர் ட்யூபுக்கு சிக்னலைப் பிரிச்சுக் கொடுக்கிற ஃபேஸ் இன்வெர்ட்டர் 12ஏஎக்ஸ்7-ஐ மறுபக்கத்தோட மாத்திப் போடுங்க. கோளாறும் கூடவே நகர்ந்தா அந்தச் சின்ன ட்யூப்தான் காரணம், செலவு அதோட முடிஞ்சது. ஆனா ஹெச்டி (பிளேட்டுக்குப் போற உயர் வோல்ட்டேஜ்) ஃபியூஸ் போன சேனல்ல நல்ல பவர் ட்யூபைக் கொண்டுபோய் மாட்டாதீங்க, நல்லதும் போயிடும். ஃபியூஸுக்குப் பதிலா கம்பி சுத்துறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியல. 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே டிரான்ஸ்பார்மரைக் காப்பாத்தத்தான்.

மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்குங்க. கண்டன்சர்ல 450 வோல்ட் அப்படியே நிக்கும், ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியா இறக்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததும்தான் கை வைக்கணும். பழக்கமில்லாதவங்க இதுக்கு மேல போகவே வேண்டாம்.

இப்ப பவர் ட்யூப் எல்லாத்தையும் கழட்டிட்டு, ஸ்பீக்கரை மாட்டினபடியே ஆன் பண்ணி அளங்க. பயாஸ் வந்து சேர்ற பின் 5-ல மைனஸ் 35-லிருந்து மைனஸ் 45 வோல்ட்டுக்குள்ள வரணும், நல்ல சேனல்ல வர்ற அதே அளவு. ஒண்ணுமே வரலைன்னா பிரிசெட், இல்லைன்னா பயாஸ் லைன்ல சால்டர் விட்டிருக்கும். ஒரு சாக்கெட்ல மட்டும் குறைஞ்சா, சின்ன ட்யூப்லிருந்து சிக்னலைக் கடத்துற கப்ளிங் கண்டன்சர் லீக். பின் 3-லயும் பின் 4-லயும் முழு ஹெச்டி வரணும். ட்யூப் இல்லாததால வழக்கத்தைவிடக் கூடவே காட்டும். பின் 4 மட்டும் செத்திருந்தா அந்தப் பின்னுக்குப் போற ஸ்கிரீன் ரெசிஸ்டன்ஸ் ஓப்பன்: 470 ஓமோ 1 கிலோ ஓமோ, 5 வாட், சில்லறைக் காசு. பின் 3-ல மட்டும் வரலைன்னாதான் டிரான்ஸ்பார்மர் மேல சந்தேகம். பவரை நிறுத்தி மறுபடி இறக்கிட்டு, டிரான்ஸ்பார்மர் பிரைமரியோட நடு முனைக்கும் ரெண்டு ஓர முனைக்கும் ஓம் பாருங்க. ரெண்டு பக்கமும் சில பத்து ஓம் காட்டினா வைண்டிங் அறுந்து போகலன்னு அர்த்தம்.

சாக்கெட்டையும் பிரிசெட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சு நல்லா காய விடுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீங்க. அது படிஞ்ச இடத்துல உப்பும் தூசியும் அப்பிக்கும்.

பின் 5 சரியா வந்த பிறகுதான் ட்யூப். கேத்தோடுல (ட்யூப் கரண்ட் முழுசும் போற கால்) 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா 35 மில்லி வோல்ட்டுன்னா 35 மில்லி ஆம்பியர். 450 வோல்ட்ல அது 16 வாட்டுக்குள்ள நிக்கும், 25 வாட் ட்யூபுக்குப் போதும்.

கடையில கொடுத்தே ஆகணும்னா, ரெண்டு சேனலோட பின் 5 வோல்ட்டேஜையும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, கழட்டின பழைய ட்யூபையும் கையோட வாங்கிக்குங்க. எழுதித் தர மாட்டேங்கிறவர்கிட்ட ஆம்பைக் கொடுக்காதீங்க.