ஃபைனலை எடுத்துவிடாதீர்கள்

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சிலர் ஒரே பல்லவி பாடுகிறார்கள். மாதக்கணக்கில் ஆடி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தவன்தான் சாம்பியன், ஒரே ராத்திரியில் கோப்பையை முடிவு செய்வது அநியாயம், ஃபைனலே வேண்டாம் என்று. முதலிடத்துக்கு மரியாதை வேண்டும்தான். அதற்காகத்தான் 2019-20 சீசனில் தனியாக ஷீல்டு தர ஆரம்பித்தார்கள். ஆனால் ஃபைனலையே தூக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2015 டிசம்பர். மாதம் பிறந்ததுமே அடையாறு பொங்கி, சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். டிவி, பீரோ, அரிசி எல்லாம் போச்சு. சென்னையின் எஃப்சி நம்ம ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே போய் கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தது கோச் மெட்டராஸியின் நம்ம அணி.

20ஆம் தேதி ஃபைனல். மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டு டிவி முன்னால் எட்டுப் பேர். கீழே இருந்து சேற்று வாடை வந்துகொண்டே இருந்தது. எதிரே லீக்கில் முதலிடம் பிடித்த எஃப்சி கோவா, அதுவும் அவர்கள் சொந்த ஃபதோர்டா மைதானத்தில். 87ஆவது நிமிடம் ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக், கோவா 2-1. ஹவுஸ் ஓனர் அம்மா, "சரி, சாப்பிட வாங்க" என்று எழுந்துவிட்டார்.

90ஆவது நிமிடம் பந்து கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு அவர் வலைக்குள்ளேயே போனது. அன்றைக்கு நம்ம மெண்டோசாவின் பெனால்டியைத் தடுத்தவர் அவர். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். அடுத்த சில நிமிடங்களில் அதே மெண்டோசா கோல் அடித்தார். 3-2.

முதலிடம்தான் கோப்பை என்றால் அந்த ராத்திரியே கிடையாது. 2018 ஃபைனல் கூடக் கிடையாது. அப்போதும் முதலிடத்தில் இருந்தது பெங்களூரு, ஆட்டம் அவர்கள் ஊர்க் கண்டீரவா மைதானத்தில், கோப்பை நமக்கு, அதே 3-2. அந்த வருட அரையிறுதியில் தலையால் முட்டி கோல் போட்டாரே நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபைனல் நம்மை அழவும் வைத்திருக்கிறது. 2020இல் கொரோனாவால் ஆளே இல்லாத மைதானத்தில் 1-3 என்று தோற்றோம். அன்றைக்கும் ஃபைனல் வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2015இல் ஆட்டம் முடிந்து கீழே இறங்கினேன். தெருவில் குவித்துப் போட்டிருந்த ஊறிப்போன மெத்தைகள் மேல் ஏறிப் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.