ஜபல்பூர் எலும்புகளையும் சேர்த்திருக்கலாம்

முதல் டைனோசர் கண்டுபிடிப்புகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1824-இல் பக்லாண்ட் பெயரிட்ட மெகலோசாரஸ், அடுத்த வருடம் மாண்டெல் அறிவித்த இகுவானோடான் என்று இங்கிலாந்துக் கதையை அது நன்றாகவே சொல்கிறது. ஆனால் இந்தியாவை ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

1828-இல் ஜபல்பூர் அருகே பாரா சிம்லா குன்றில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் சில பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொள்ளையர்களை ஒடுக்கியவர் என்று பள்ளிப் பாடத்தில் வருவாரே, அதே ஸ்லீமன்தான்! அப்போது 'டைனோசர்' என்ற பெயரே கிடையாது; ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் ஓவன் அதை வைத்தது 1842-இல். எலும்புகள் கல்கத்தாவுக்குப் போய்ப் பல வருடம் கிடந்தன. 1877-இல்தான் புதைபடிவ ஆய்வாளர் லிடெக்கர் வால் முள்ளெலும்புகளை வைத்து டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். அவர் தனி அடையாளமாகக் காட்டிய வால் எலும்பு அமைப்பு, பின்னால் உலகெங்கும் கிடைத்த பல இனங்களிலும் இருந்தது. அதனால் 2003-இல் அந்த இனப்பெயர் செல்லாது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். டைட்டனோசார் என்ற குழுப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காணாமல் போனதாக நினைத்த அந்த முதல் எலும்புகளில் ஒன்று 2012-இல் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பிலேயே கிடைத்தது. இத்தனை வருடம் அங்கேதான் இருந்திருக்கிறது, சரியாகத் தேடத்தான் ஆளில்லை போலும்.