குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

நட்சத்திரம் பார்த்து, முதல் எழுத்து பார்த்து, தாத்தா பாட்டியைக் கேட்டுப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறோம். "இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்?" என்ற கேள்வியை மட்டும் படிவம் நிரப்புகிறவர் கையில் விட்டுவிடுகிறோம். இருபது வயதில் அந்தப் பிள்ளையை மின்னஞ்சலிலும் பாஸ்போர்ட்டிலும் லிங்க்ட்இன்னிலும் அடையாளம் காட்டப் போவது அந்த ஆங்கில எழுத்து வரிசைதான்.

கீர்த்தனா என்ற எளிய பெயரையே பாருங்கள். முதலில் டபுள் ஈயா, ஒரு ஐயா? நடுவில் டி-ஹெச்சா, வெறும் டியா? கடைசியில் ஒரு ஏவா, இரண்டா? பெருக்கினால் எட்டு விதம். தமிழ்நாட்டில் 'த'வுக்கு டி-ஹெச் போடுவோம். வடக்கே டி மட்டும் போதும். ழ வந்தால் இன்னும் சிக்கல். யாழினிக்கு இசட்-ஹெச் போட்டால் தமிழ் தெரியாதவர் 'யாஸினி' என்பார். எல் போட்டால் 'யாலினி'. இலங்கைத் தமிழர் யாழ் என்பதை ஒய்-ஏ-ஆர்-எல் என்றும் எழுதுவார்கள். ழ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்த எழுத்துக்காகவே பெயர் வைப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு பெயரில் ஒரு சிக்கல் போதும். ழ இருக்கிறதா, மற்ற எழுத்துகளாவது நேராக இருக்கட்டும். யாவுக்கு இரண்டு ஏ போடாதீர்கள்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெயரைத் தமிழில் எழுதி, வெவ்வேறு வயதில் ஐந்து பேரிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. நான்கு பேராவது ஒரே மாதிரி எழுதினால் அந்த எழுத்தையே வையுங்கள். ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால், ஆயுள் முழுக்க அந்தப் பிள்ளை தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தமிழ் தெரியாத ஒருவருக்குப் போனில் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

நியூமராலஜிக்காக ஓர் எழுத்தைக் கூட்டுவதை நான் ஏற்கவில்லை. கூட்டிய எழுத்தைப் பள்ளி எழுத்தர் விட்டுவிடுவார், ஆதாரில் இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் இருக்காது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். பெயர் மாற்றம் என்று போனால் தமிழ்நாடு அரசிதழ் வரை அலைய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹர்ஷித், ரக்ஷித், தீக்ஷிதா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் எஸ்-ஹெச்-ஐ-டி என்ற நான்கெழுத்து வசைச்சொல் வந்து உட்கார்ந்துவிடும். கடைசியில் ஹெச் சேர்த்தாலும் அது போகாது. கெட்ட வார்த்தையைத் தடுக்கும் எளிய மென்பொருள் முழுப் பெயரைப் பார்க்காது, அந்தத் துண்டைத்தான் பார்க்கும். 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கு தொடங்க முடியாமல் போனது இதனால்தான். அவர்கள் ஊர்ப் பெயருக்குள்ளும் அப்படி ஒரு சொல் ஒளிந்திருந்தது.

அடுத்து இனிஷியல். நம் ஊரில் 'எஸ். யாழினி' முழுப் பெயர். பல இணையப் படிவங்களில் கடைசிப் பெயர் கட்டாயம். ஒற்றை எழுத்தைப் போட்டால் ஏற்காது. பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்-என்-யூ என்று அச்சாகும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் தந்தது.

அதனால் பிறப்புச் சான்றிதழிலேயே இனிஷியலை விரித்துப் போடுங்கள். அதற்கு முன் அப்பாவின் எல்லா ஆவணங்களிலும் அவர் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். செந்தில்குமார் ஒன்றில் சேர்ந்தும் இன்னொன்றில் பிரிந்தும் இருந்தால், அந்த இடைவெளி பிள்ளைக்கும் போகும். சில படிவங்கள் குமாரைக் குடும்பப் பெயராக்கி, செந்திலை நடுப்பெயராக்கிவிடும். அண்ணன் தங்கைக்கும் அப்பா பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுவதிலும் பிழை நுழைகிறது. கௌதம், சௌந்தர்யா என்று தட்டும்போது பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாகத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு அது 'கெளதம்', வேறொரு சொல். 'ஸ்ரீ'யும் அப்படியே: ஸ-வில் தொடங்கியும் தட்டலாம், ஶ-வில் தொடங்கியும் தட்டலாம், திரையில் ஒரே உருவம் வரும். ஒன்றை வைத்துத் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம்.

ஜிமெயில் முகவரி பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் 13 வயதுக்கு முன் பிள்ளை தானாகக் கணக்கு வைக்க முடியாது. பொய் வயது கொடுத்துத் திறந்தால் ஒருநாள் முடக்கப்படலாம். பிள்ளையின் பெயரில் இணையதள முகவரி (டொமைன்) வாங்கி வைக்க ஆசைப்பட்டால் உங்கள் பெயரில் வாங்குங்கள். ஆண்டுக் கட்டணம் தவறினால் அதை வேறொருவர் வாங்கலாம், அந்த முகவரியில் பிள்ளைக்கு வரும் மின்னஞ்சல்களும் அவருக்கே போகும்.

யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று பலர் தேடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. உலகில் ஒருவருக்கே உள்ள பெயரை இணையத்தில் தேடினால், பதினாறு வயதில் கோபத்தில் எழுதிய ஒரு வரியும் முதல் பக்கத்தில் நிற்கும். கார்த்திக் செந்தில்குமார்கள் நிறைய. அந்தக் கூட்டம் அவனுக்கு ஒரு போர்வை. ஓரளவு புழக்கத்தில் உள்ள பெயரும் அப்பா அல்லது அம்மா பெயரும் சேர்ந்தால் வேண்டியபோது கண்டுபிடிக்கலாம், வேண்டாதபோது ஒதுங்கி நிற்கலாம். முடிவு செய்யும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுப் பெயரைத் தேடிப் பாருங்கள், படங்களையும் பாருங்கள். ஏதாவது வழக்குச் செய்தியில் அதே பெயர் அடிபட்டிருந்தால் இப்போதே தெரிவது நல்லது.

அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தச் சான்றிதழ்தான். அதில் விழும் ஒற்றைப் பிழை எல்லாவற்றிலும் ஏறும். வாங்கும் இடத்திலேயே தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பெயர் சூட்டு விழா அழைப்பிதழைச் சமூக வலைதளத்தில் பகிரும்போது பெயரும் படமும் போதும். பிறந்த தேதி, நேரம், மருத்துவமனை, வீட்டு முகவரி ஆகிய நான்கையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். முழு அழைப்பிதழ் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் போகட்டும்.