டெங்கு கொசு தேடுவது சாக்கடையை அல்ல
சாக்கடையைச் சுத்தம் செய்து புகை அடித்தால் டெங்கு போய்விடும், இதற்குப் போய் பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி தேடுவது ஓரளவு சுத்தமான தேங்கிய தண்ணீரை: மூடாத தொட்டி, பழைய டயர், மொட்டை மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு (அதை யார் கழுவுகிறோம், சொல்லுங்கள்).

புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள், கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும், ஏனென்றால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற விஷயம், நகராட்சி ஆள் தினமும் வந்து பார்க்க முடியாது. புழு எப்படி இருக்கும் என்று ஒருமுறை வாளியில் காட்டிவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே வீட்டில் கண்டுபிடித்துவிடும். அப்புறம், இந்தக் கொசு கடிப்பது பகலில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்திலும்தான்.