வெயிலில் உடுப்பு எடுக்கச் சொல்லும் பிள்ளை

அக்காவின் மகனுக்கு நாலு வயது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நல்ல வெயில் அடிக்கும்போது திடீரென்று "மழ வருது, உடுப்ப எடு, உடுப்ப எடு" என்று கத்துவான். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் சிரிப்பு. தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவனுக்கு வைத்த பேர் கிளிப்பிள்ளை.

அக்காவுக்கே மாதக்கணக்கில் கழித்துத்தான் பிடிபட்டது. ஒருநாள் பெரிய இடி. அப்படிக் கத்திக்கொண்டே அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வசனம் முழுதும் அவனுக்கு ஒரே சொல்: பயமாக இருக்கிறது, தூக்கு. கொழுந்து லொறி ஹார்ன் அடித்தால் அதைத்தான் சொல்கிறான். பாண் விற்க வரும் சூன் பாண் ஆட்டோவின் பீத்தோவன் மெட்டை முனகினால் பணிஸ் வேண்டும் என்று அர்த்தம். (இதை மட்டும் லயமே உடனே புரிந்துகொண்டது.)

எல்லாப் பிள்ளையும் "அம்மா", "பால்" என்று சொல் சொல்லாகக் கோர்த்துப் பேச்சுக்கு வருவதில்லை. சிலர் முழு வசனத்தையும் ராகத்தோடு பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் மெல்லப் பிய்த்து எடுக்கிறார்கள். ஒரே பிள்ளையிடம் இரண்டு வழியும் இருந்ததை ஆன் பீட்டர்ஸ் என்ற மொழியியலாளர் 1977இல் எழுதினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வது வெறும் சத்தமில்லை என்று பாரி பிரிசன்ட் 1980களில் காட்டினார்.

அதற்காக இப்படிப் பேசும் பிள்ளைகளுக்கென்று இணையத்தில் விற்கும் பயிற்சிகளையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. அவற்றுக்கு ஆதாரம் போதாது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. காது பரிசோதனையையும் பேச்சு சிகிச்சையாளரையும் தவிர்க்கவும் கூடாது. கிளினிக் போனால் அக்காவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது, தெரியும். ஆனாலும் போகிறாள்.

வீட்டில் மாற்றியது ஒன்றுதான். அவன் "சோறு வேணுமா?" என்று கேட்டால் அவனுக்குத்தான் பசி. நாம் அப்படித்தானே கேட்டுக் கேட்டுப் பழக்கினோம்? நாள் முழுக்க "இது என்ன, அது என்ன, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பிள்ளையைக் குடைகிறோம். அக்கா இப்போது அவன் வாயால் பேசுவதுபோலச் சொல்கிறாள்: "பசிக்குது. சோறு வேணும்." லொறி வந்தால், "பயமா இருக்கு. அம்மாகிட்ட போவோம்." திருத்துவதில்லை, திருப்பிச் சொல்ல வற்புறுத்துவதும் இல்லை.

போன கிழமை அக்கா கோல் எடுத்தாள். குரலே வேறு மாதிரி. லொறி சத்தம் கேட்டதும் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு, உடுப்ப எடு" என்றானாம்.