சுருதியைப் பாடுகிறவரிடம் கேட்டுவிட்டு ட்ராக் போடுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை 17 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தைப்பூசத்துக்கு முன்பு காவடிப் பாட்டு, மண்டல காலத்துக்கு முன்பு ஐயப்பன் பாட்டு, டிசம்பர் பிறக்கும் முன்பு கிறிஸ்துமஸ் பாட்டு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் முதல் முறையாக ஒலிப்பதிவு மைக்கின் முன்னால் நிற்பவர்கள். அவர்களை அழைத்து வரும் தயாரிப்பாளர்களும் இசையமைப்பாளர்களும் பதிவு முடிந்ததும் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “புதுசு, அதுதான் சுருதி நிக்கல.” இதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. புதிய குரல் ஒலிப்பதிவில் தடுமாறினால், அதற்கான காரணத்தை முதலில், பாடும் அறையைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம்தான் நம்மிடம் தேட வேண்டும்.

பெரும்பாலும் தவறு பாடுகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. இசையமைப்பாளர் தன் அறையில் கீபோர்டில் மெட்டைப் போட்டு, தனக்கு வசதியான சுருதியிலோ, மாதிரிக்காகப் பாடிய ட்ராக் பாடகரின் சுருதியிலோ மொத்த இசையையும் முடித்து, ஒரே கோப்பாகக் கொண்டுவந்து விடுகிறார். இதைத்தான் ட்ராக் என்கிறோம். பாடப் போகிற பெண்மணியின் குரல் நாலு கட்டையில் நிம்மதியாக உட்காரும் (சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்). ட்ராக் இருப்பதோ ஐந்தரைக் கட்டையில். பல்லவியைச் சமாளித்துவிடுவார். சரணத்தின் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும்போது அவருக்குப் பாடத் தெரியவில்லை என்று முடிவு கட்டுகிறோம். கச்சேரி மேடையில் எந்த வித்வானும் அடுத்தவர் சுருதியில் பாட ஒப்புக்கொள்ள மாட்டார். தம்புராவைத் தன் கட்டைக்குக் கூட்டிக்கொண்டுதான் வாய் திறப்பார். பெரிய வித்வானுக்கு நாம் தரும் அந்த உரிமையை, அது மிக அதிகமாகத் தேவைப்படுகிற புதியவருக்கு ஏன் மறுக்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு வேலந்தாவளம் பக்கத்திலிருந்து தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் கும்மிப் பாட்டுப் பாட வந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ட்ராக்கோடு மூன்று முறை பாடினார், மூன்று முறையும் விலகியது. அழைத்து வந்த இளைஞர் பொறுமையிழந்து, “மிஷின்ல சரி பண்ணிக்கலாங்கண்ணா, எடுத்துடுங்க” என்றார். நான் பதிவை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “காது ரெண்டையும் அடைச்சுப்போட்டா நான் பாடறது எனக்கே கேக்கறதில்லீங்க தம்பி.” ஒலிப்பதிவுப் பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஹெட்போனில் இசையைச் சத்தமாக வைத்தால் பாடுகிறவர் தன்னையறியாமல் கத்தத் தொடங்குவார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதக் குரல் தானாக உயரும் என்பதை 1911-லேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரால்தான் அது இன்றும் அழைக்கப்படுகிறது. இன்னொன்று தாமதம். ஒலியை விநாடிக்கு 48,000 சாம்பிள்களாக, அதாவது துணுக்குகளாக, பதிவு செய்யும்போது, கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் பஃபரை 512 சாம்பிளில் வைத்திருந்தால், குரல் கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வர 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஒலி ஒரு மீட்டர் தூரம் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கும் என்று கணக்கிட்டால், பாடுகிறவர் ஏழு மீட்டர் தள்ளி நின்று தன் குரலைக் கேட்பதற்குச் சமம் அது. பழகிய பாடகர் இதைக் கண்டுபிடித்து, “லேட்டன்சி இருக்கு, பாருங்க” என்று சொல்லிவிடுவார். புதியவருக்கு அந்தச் சொல் தெரியாது. தனக்குத் தாளம் வரவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொள்வார், நாமும் அப்படியே நினைத்துக்கொள்வோம்.

அன்று ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கி வைத்தேன். கணினிக்குள் போகாமல் குரல் நேரடியாகக் காதுக்கு வரும்படி மாற்றினேன். அப்போதும் முழுமையாக வரவில்லை. பிறகு அவரை வெளியே புளிய மரத்தடிக்கு அழைத்துப் போய், தோப்பில் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடச் சொன்னேன். ட்ராக்கை விட ஒன்றரைக் கட்டை கீழே, நடையும் சற்று மெதுவாக, அந்தப் பாட்டு வேறொரு உயிரோடு வந்தது. இளைஞரிடம் இசையை அந்தச் சுருதிக்கும் அந்த நடைக்கும் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். கீபோர்டில் வாசித்ததைச் சுரக் குறிப்புகளாகச் சேமித்து வைக்கும் மிடி கோப்புகள் கையில் இருந்ததால் அவருக்கு அது ஒரு மாலை நேர வேலைதான். மறுநாள் அந்த அம்மாள் இரண்டே டேக்கில், அதாவது இரண்டே முறை பதிவில், பாடி முடித்தார்.

“மிஷின்ல சரி பண்ணிக்கலாம்” என்ற பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விலகிய சுரத்தைக் கணினியில் திருத்தும் ஆட்டோடியூன் என்ற மென்பொருள் 1997-இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் நில அதிர்வுக் கணக்குகளில் வேலை பார்த்தவர். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஒரு நல்ல டேக்கில் ஒரே ஒரு சுரம் மட்டும் தாழ்ந்திருந்தால் அதைத் தொட்டுத் திருத்துவதில் தவறில்லை. ஆனால் பன்னிரண்டு சுரங்களை மட்டுமே சரியென்று வைத்துக்கொண்டு அதை முழுப் பாட்டின் மேலும் ஓட விட்டால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் குரலைப் பிழையென்று எடுத்துக்கொண்டு படிக்கட்டாக வெட்டிவிடும். கும்மியிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அந்த வழுக்கல்தான் பாட்டு. அதை வெட்டிய பிறகு மிஞ்சுவது யாருடைய குரலும் அல்ல.

இங்கே அட்டப்பாடியின் நஞ்சியம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருளர் சமூகத்தைச் சேர்ந்த அவர் 2020-இல் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் தன் மொழியில் பாடியதற்கு, 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. கொடுத்த சுருதியில் நின்று பாடத் தெரியாதவருக்கு இந்த விருதா என்ற பொருளில் ஒருவர் பேசினார். இசைத்துறையிலிருந்தே பலர் அதை மறுத்தார்கள். நான் மறுத்தவர்கள் பக்கம். பயிற்சி வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பல ஆண்டுகள் சாதகம் செய்தவரின் உழைப்பு பெரிது. ஆனால் கொடுத்த சுருதியில் பாடுவது ஒரு திறமை என்றால், பாடுகிறவரின் சுருதியைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி இசை அமைப்பதும் ஒரு திறமைதான். அந்த இரண்டாவது திறமை நம்மிடம் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

சொற்களிலும் இதே கதைதான். எங்கள் சித்தூர் வட்டத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகள் ஏராளம். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். நம் மாங்காய் மலையாளத்தில் ‘மாங்ங’ ஆவது போல, ‘ங்க’ வரும் இடமெல்லாம் படிக்கும்போது சில பிள்ளைகளுக்கு ‘ங்ங’ என்று குழையும். பாட்டை நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் மூன்றாவது திருத்தத்தில் பிள்ளையின் குரல் சுருங்கிவிடும். முதல் நாளே வரிகளை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்து, காகிதம் இல்லாமல் பாட வைத்தால் வீட்டுத் தமிழ் தானாகத் திரும்பி வருகிறது.

இதையெல்லாம் நான் இவ்வளவு தூரம் மனதில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில், நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு பக்திப் பாடல் தொகுப்பில் பாட எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் டேக் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் எதையோ பேசிச் சிரித்தார்கள். அவர்கள் பேச்சை என் ஹெட்போனுக்குக் கொண்டுவரும் டாக்பேக் அணைந்திருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மதிய உணவைப் பற்றிக்கூடப் பேசியிருக்கலாம். “ஒன் மோர்” என்ற குரல் மட்டும் வந்தது. எது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்பது டேக். அன்று மாலை வேறொருவரைக் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். அதன் பிறகு நான் மைக் முன்னால் நிற்கவே இல்லை.

அதனால் என் கூடத்தில் ஒரு டேக் முடிந்து ஐந்து விநாடிக்குள் யாராவது உள்ளே இருப்பவரிடம் பேசியாக வேண்டும். முதலில் நன்றாக வந்த இடத்தைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்ற வேண்டிய ஒரே ஒரு இடத்தை. “ஒத்திகைதான், சும்மா பாடிப் பாருங்க” என்று சொல்லும்போதே பதிவு ஓடிக்கொண்டிருக்கும். பாடியதும் அதை அவரிடம் தெரிவித்துவிடுவேன். பல பாட்டுகளில் அந்த முதல் டேக்கைத்தான் கடைசியில் வைத்திருக்கிறோம். புதியவர்களுக்கு மணிக் கணக்கில் பணம் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறேன். சுவரில் கடிகாரம் நகர நகர, தன்னால் அண்ணனுக்குச் செலவு ஏறுகிறதே என்ற பதற்றம் ஒரு பெண்ணின் மூச்சில் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பாட்டு எடுக்க வரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ராக்கை முடித்துக்கொண்டு வராதீர்கள். மெட்டையும் பாடப் போகிறவரையும் ஒரு நாள் முன்பாக அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்த நாளுக்கு நான் பணம் வாங்குவதில்லை. ஆர்மோனியம் இங்கே இருக்கிறது, புளிய மரமும் இருக்கிறது. கட்டை எது என்று பார்த்துக்கொண்ட பிறகு நீங்கள் போய் இசையமைக்கலாம்.