எரர் கோட் படித்தால் வேலை முடிந்ததா?

பழைய காரில் செக் எஞ்சின் லைட் எரிவதில் எனக்குக் கோபமே இல்லை. வயதான வண்டி, எரியத்தான் செய்யும். கோபமெல்லாம் அதற்கு அப்புறம் நடக்கிற கூத்தின் மேல்தான். வண்டியை ஒர்க்ஷாப்புக்குள் விட்டதும் கையில் ஸ்கேனரோடு ஒருவர் வருவார், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட்டில் சொருகுவார், திரையில் எரர் கோட் என்று ஒரு கோளாறு எண் வரும், பானட்டைக்கூடத் திறக்காமல் "ஓ-டூ சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார், எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரைத்தான் சொல்கிறார். முடிந்தது பரிசோதனை!

என் வண்டியில் வந்தது பி0171. அது சொல்வது இவ்வளவுதான்: எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எதனால் என்று அது சொல்வதே இல்லை. எங்காவது வேக்யூம் ஹோஸ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய், விரிசல் விட்டு, அளவில் சேராத காற்று உள்ளே போகலாம். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு ஏறி, அது குறைத்துக் கணக்குச் சொல்லலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், எக்ஸாஸ்ட் பைப்பில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலக்கலாம். இத்தனை சந்தேகங்களையும் விட்டுவிட்டு, நடப்பதை ஒழுங்காகச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரையே கழற்றி எறிவது, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று மூக்கு சொன்னால் மூக்கை மாற்றச் சொல்வது மாதிரி இருக்கிறது. சென்சாரே பழுதானால் அதைச் சொல்லத் தனி எண்கள் இருக்கின்றன. அதன் ஹீட்டர் சர்க்யூட் போனால் பி0135 வரும். வரவில்லையே! வராததைப் பற்றி யாருக்கு என்ன கவலை.

சரி, மாற்றினார்கள். லைட் அணைந்தது. "பாத்தீங்களா சார்" என்று ஒரு பெருமிதம் வேறு. எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். லைட் அணைந்தது புது சென்சாரால் இல்லை, ஸ்கேனரில் எரர் கோட் அழித்ததால். அழித்தவுடன் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் நினைவு காலியாகிவிடும், எல்லாப் பரிசோதனைகளையும் அது முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும், இந்த மாதிரிக் கோளாறுகளில் ஒரே ஓட்டத்தில் லைட்டை எரிய விடவும் விடாது, அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தப்பைப் பார்த்தால்தான் எரியும். ஆக, எந்தப் பாகத்தை மாற்றினாலும், ஒன்றுமே மாற்றாவிட்டாலும்கூட, கொஞ்ச நாளைக்கு லைட் எரியாது. அந்தக் கொஞ்ச நாளில் பில்லுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். திரும்ப எரிந்ததும் போய் நின்றால், "அப்போ ஏர்ஃப்ளோ சென்சாரா இருக்கும் சார்." அடுத்தது "பம்ப்பா இருக்கலாம்." என் காசில் உங்களுக்குக் குலுக்கல் சீட்டா?

இதில் பெரிய கொடுமை, பதில் முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். சுற்றியது, கூலண்ட் எவ்வளவு சூடு, எஞ்சின்மேல் எவ்வளவு லோடு, அதாவது பாரம், என்று எல்லாவற்றையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று எழுதி வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டச் சொல்லும் மேதாவிகளும் அதே சாட்சியைத்தான் அழிக்கிறார்கள். ஃப்யூவல் ட்ரிம் என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது, கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்று அது காட்டும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, அது எகிறி நின்று, 2500 ஆர்.பி.எம். வரை ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இறங்கிவிட்டது என்றால், பெரும்பாலும் வேக்யூம் கசிவு. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து லோடு ஏற ஏற எகிறினால் பெட்ரோல் வரத்தையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் சந்தேகப்பட வேண்டும். கொஞ்ச நேரம் வண்டியை ஓட விட்டுத் திரையைப் பார்த்தால் போதும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் யாரும் தரத் தயாராக இல்லை.

கடைசியில் வேறொருவர் இதைத்தான் செய்தார். ஃப்யூவல் ட்ரிம் ஐடிலிங்கில் இருபது சதவீதத்துக்கு மேல், ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் சரசரவென்று இறங்கிவிட்டது. பேசாமல் போய், கசிவு எங்கே என்று பார்க்க, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்குக்குள் புகையை ஏற்றினார். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் பின்னால், கண்ணுக்கே படாத வளைவில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் ஹோஸ், அங்கிருந்து புகை நூல் மாதிரி கிளம்பியது. மேல் பக்கம் பார்த்தால் புதுசு போல இருந்தது, அடியில் நகத்தால் அழுத்தினால் வாயைப் பிளந்தது. போன பணத்துக்கெல்லாம் காரணம் அந்த ஒரு சாண் ரப்பர்.

பி0420 வந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று அது சொன்னதும், கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள், பழைய வண்டிக்கு அந்த ஒரு பாகமே வண்டியின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கன்வெர்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சென்சார்களை ஒப்பிட்டுத்தான் கம்ப்யூட்டர் அந்த முடிவுக்கு வருகிறது. பின்னால் இருப்பது ஏறி இறங்காமல் நிதானமாக நிற்க வேண்டும், முன்னால் இருப்பதைப் போலவே துள்ளினால் எண் வரும். பக்கத்தில் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுப்போகலாம். அப்படியே கன்வெர்ட்டர் நிஜமாகவே செத்திருந்தாலும், அதைக் கொன்றது எது என்று கேட்க வேண்டாமா? எஞ்சின் ஆயில் எரிகிறதா, மிஸ்ஃபயர் ஆகிறதா, அதாவது ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறதா, என்று பார்க்காமல் புதிதாக மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மிஸ்ஃபயரிலும் இதே கதைதான். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக இருக்கிற எஞ்சினில் அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டினால், பி0303 என்று எண் மாறினால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்கலாம், செலவே கிடையாது. ஆனால் நம் ஆட்கள் நாலு காயிலையும் செட்டாக மாற்றச் சொல்வார்கள்.

வண்டி செய்கிற கம்பெனிகளும் யோக்கியமில்லை. பெட்ரோல் மூடி சரியாக மூடாததற்கும் அதே மஞ்சள் விளக்கு, எஞ்சின் தடுமாறுவதற்கும் அதே மஞ்சள் விளக்கு. விட்டு விட்டு மின்னினால் மட்டும் கடுமையான மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும் என்று அர்த்தம். இதை கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் கடமை முடிந்ததாம்.

இவ்வளவுக்கும் மேல் ஒரு வசனம் கேட்க வேண்டும்: "பழைய வண்டின்னா இப்படித்தான் சார்." அட, பழைய வண்டி என்று தெரிகிறதல்லவா? ரப்பர் காய்ந்திருக்கும், எர்த் வயர் துருவேறியிருக்கும், கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கும் என்றும் தெரியுமல்லவா? அப்போ முதலில் ஹோஸையும் வயரையும் பாருங்களேன், எடுத்த எடுப்பில் எதற்குப் புது சென்சார்? கழற்றிய என் பழைய சென்சாரையாவது கொடுங்கள் என்று கேட்டேன், நல்ல நிலைமையில்தானே இருந்தது. "அதெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டாச்சு சார்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த வண்டியில் ஸ்கேனரைச் சொருகிக்கொண்டே.